ஓட்டையை ஓட்டையாகவே விடு, கண்ணு

அன்புள்ள கண்ணு,

அப்பிச்சி எழுதுகிறேன். போனில் பேசினால் "நல்லா இருக்கேன் அப்பிச்சி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாய். கடுதாசி என்றால் கட் பண்ண முடியாதல்லவா, அதனால்தான் இது.

நீ அனுப்பிய ஸ்கேனர் வீடியோவை அம்மாயிக்குக் காட்டினேன். பம்பு காஸ்டிங் மேல் கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடுவதைப் பார்த்து, "கல்யாண மண்டபத்து லைட்டாட்டம் இருக்குது" என்றாள். நாங்களெல்லாம் ஹைட் கேஜை வைத்துக்கொண்டு நாலு இடத்தில் அளவெடுப்பதற்குள் மதியச் சாப்பாட்டு மணி அடித்துவிடும். உனக்குச் சில நொடியில் லட்சக்கணக்கான புள்ளி! பொறாமையாகத்தான் இருக்கிறது.

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன், தப்பென்றால் சிரிக்காதே. புரொஜெக்டர் நேராக அடிக்கும் வரி மேடு பள்ளத்தில் விழுந்து வளைகிறது. பக்கவாட்டில் இருக்கும் கேமரா அந்த வளைவைப் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரமும் கோணமும் தெரிந்தால், மிச்சம் பள்ளிக்கூட முக்கோணக் கணக்கு. எந்த வரி எது என்று குழம்பாமலிருக்க, படத்துக்குப் படம் வரியை இரண்டிரண்டாகப் பிரிக்கிறார்கள். 10 படத்தில் 1024 பட்டைக்கும் தனித்தனி அடையாளம் வந்துவிடும். அப்புறம் வரியைச் சிறுகச் சிறுக நகர்த்திக் குறைந்தது 3 படம் எடுத்தால், பட்டைக்குள் இருக்கும் நுணுக்கமும் கிடைக்கும்.

என் கவலையும் அந்த முக்கோணத்தில்தான். மெஷின் சூடேறும்போது அந்தத் தூரமும் கோணமும் மயிரிழை நகரும். அதனால் போனதும் சுவிட்சைப் போட்டுவிட்டு, நீ தவறாமல் கோட்டை விடும் காலை டிபனை அந்த நேரத்தில் சாப்பிடு. வந்து காலிப்ரேஷன் செய். காலிப்ரேஷன் பிளேட்டை விளிம்பில் பிடி. வெங்காய போண்டா கையோடு தொடாதே.

காஸ்டிங்கையும் முந்தின நாளே ரூமுக்குள் கொண்டுவந்து வைக்கச் சொல். உலகம் முழுக்க அளவுக்கு 20 டிகிரிதான் கணக்கு. யார்டில் 32 டிகிரியில் கிடந்த ஒரு மீட்டர் அலுமினியத்தை அப்படியே அளந்தால் கால் மில்லிமீட்டருக்கு மேல் நீளமாகக் காட்டும். பளபளப்பான இடத்தில் வெள்ளைப் பவுடர் அடிப்பாய். மெல்லிசாக அடி, அதற்கும் தடிமன் உண்டு. நீ கோலப்பொடி கொட்டிய லட்சணம் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. இம்பெல்லர் இலைக்குப் பின்னால் வெளிச்சம் போகாது. போனாலும் கேமராவுக்குத் தெரியாது. அங்கே திரையில் ஓட்டை விழும். அதை வழவழவென்று நிரப்ப ஒரு பட்டன் இருக்கிறதாமே? படம் அழகாக இருக்கும், மேலதிகாரிக்கும் பிடிக்கும். ஆனால் அந்த இடத்தை யாரும் அளக்கவில்லை, மெஷின் ஊகித்திருக்கிறது. காஸ்டிங்கைத் திருப்பி வைத்து மறுபடி எடு. அப்போதும் ஓட்டை விழுந்தால் "இங்கே அளவு இல்லை" என்று ரிப்போர்ட்டில் எழுது. கேட்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

எங்கள் காலத்தில் சந்தேகம் வந்தால் ஒரு பீஸை அறுத்தே பார்த்துவிடுவோம். உங்கள் இடத்தில் அறுக்க விடுகிறார்களா? அறுத்தால் இலையின் தடிமன் என்ன வந்தது, ஸ்கேனர் என்ன சொன்னது, இரண்டையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பிச்சி