வழிதவறி வந்த நாய்: கண்டெடுத்தவரின் கடமையும் உரிமையும்

கேள்வி: சென்னையில் கழுத்துப்பட்டையோடு தெருவில் திரிந்த லாப்ரடார் நாய் ஒன்றை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவந்து பராமரித்து வருகிறார். அக்கம்பக்கத்தில் விசாரித்தும் யாருடைய நாய் என்று தெரியவில்லை. அதை அவரே வளர்த்துக்கொள்ளலாமா? பின்னாளில் உரிமையாளர் வந்தால் மருத்துவச் செலவைக் கேட்டு வாங்க முடியுமா?

பதில்: வளர்ப்பு நாய் சட்டத்தின் பார்வையில் அதன் உரிமையாளருடைய அசையும் சொத்து. கதவு திறந்திருந்த நேரத்தில் வெளியே ஓடிவிட்டதாலோ, பட்டாசுச் சத்தத்துக்கு மிரண்டு நாலு தெரு தாண்டிவிட்டதாலோ அந்த உரிமை அற்றுப்போவதில்லை. “தெருவில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன்” என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காது. கிடைத்த நாய் வழிதவறியதா, வேண்டுமென்றே கைவிடப்பட்டதா, அந்தத் தெருவிலேயே வாழ்வதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் சட்டம் வெவ்வேறு.

காது நுனியில் சிறு வெட்டு இருந்தால், அது கருத்தடை செய்யப்பட்ட தெருநாய் என்பதற்கான அடையாளம். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, அத்தகைய நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பதுதான் பொது விதி. பரிதாபப்பட்டு அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறொரு பகுதியில் விடுவது அந்த நாய்க்கும் நல்லதல்ல, விதிக்கும் பொருந்தாது. தெருநாயை வீட்டில் வளர்க்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவு கூறுகிறது. அப்படி எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவர் பொறுப்பு.

கைவிடப்பட்ட நாயின் நிலை வேறு. உரிமையாளர் தம் உரிமையை மனமறிந்து விட்டுவிட்டால், எடுத்து வளர்ப்பவர் மீது குற்றம் எதுவும் வராது. குற்றம் கைவிட்டவருடையது. பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின் கீழ் தண்டனைக்குரியது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய அந்தத் தொகை இன்றும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருப்பது பெரிய அநீதி. ஆனால் ஒரு நாய் தொலைந்ததா, கைவிடப்பட்டதா என்பதைத் தோற்றத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. இளைத்துப்போய், உண்ணி மொய்த்து நிற்கும் நாய்கூட, ஒரு குடும்பம் வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கும் நாயாக இருக்கலாம். வேறுவிதமாகத் தெரியவரும்வரை, பட்டை கட்டிய நாயைத் தொலைந்த நாயாகக் கருதுவதே சரி.

தெருவில் தென்பட்ட நாயை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கொண்டுவந்துவிட்டால் கடமை பிறக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆவது பிரிவு, பிறருக்குச் சொந்தமான பொருளைக் கண்டெடுத்துத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டவரை, பாதுகாக்கச் சொல்லி ஒப்படைக்கப்பட்ட பொருளை வைத்திருப்பவருக்குச் சமமாக வைக்கிறது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாக வைத்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனத்தை 151ஆவது பிரிவு எதிர்பார்க்கிறது. நாய் விஷயத்தில் இதன் பொருள் சோறு, தண்ணீர், நிழல், நோய் கண்டால் மருத்துவம். விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவும் இதே கடமையைச் சுமத்துகிறது. அது உரிமையாளரை மட்டும் குறிப்பதில்லை, விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் எவரையும் குறிக்கிறது. பராமரிப்பில் இருக்கும்போது அந்த நாய் குட்டி போட்டால் குட்டிகளும் உரிமையாளருக்கே சேர வேண்டும். ஒப்பந்தச் சட்டத்தின் 163ஆவது பிரிவு, ஒப்படைத்த பசு கன்று ஈன்றால் கன்றையும் சேர்த்தே திருப்பித் தர வேண்டும் என்ற எடுத்துக்காட்டோடு இந்த நியாயத்தை விளக்குகிறது.

குற்றவியல் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆவது பிரிவு, பிறர் சொத்தை நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வதற்கு ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு ஆண்டு வரையிலான சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. அந்தப் பிரிவின் விளக்கம் கண்டெடுத்தவர்களுக்காகவே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. பாதுகாக்கவோ உரியவரிடம் சேர்க்கவோ ஒரு பொருளை எடுப்பது குற்றமல்ல. ஆனால் உரிமையாளர் யார் என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும், அதைத் தன் பயனுக்கு எடுத்துக்கொள்வது குற்றம். நியாயமான வழிகளில் தேடி, தகவல் கொடுத்து, உரிமை கோர நியாயமான காலம் காத்திருக்காமல் தனதாக்குவதும் குற்றம். இன்னார்தான் உரிமையாளர் என்று பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அது தன்னுடையது அல்ல என்று தெரிந்திருந்தாலே போதும்.

தீனி காட்டி அழைத்துப்போவது அதைவிடப் பெரிய குற்றம். திருட்டைப் பற்றிய 303ஆவது பிரிவில் நாயையே எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறார்கள்: நாய்க்குப் பிடித்த தீனியைப் பையில் வைத்து, நேர்மையற்ற எண்ணத்தோடு ஒருவர் இன்னொருவரின் நாயைத் தம் பின்னால் வரவழைத்தால், நாய் பின்தொடரத் தொடங்கிய அக்கணமே திருட்டு முடிந்துவிட்டது. தன் வீட்டு வாசலில் படுத்திருக்கும் பக்கத்துத் தெரு நாயை “தானாகத்தான் வந்தது” என்று அழைத்துப்போகிறவர்கள் கவனிக்க வேண்டிய வரி இது.

ஆகவே தேடல் என்பது நல்ல மனதுக்காரர்கள் விருப்பப்பட்டால் செய்யும் காரியம் அல்ல, கண்டெடுத்தவரைக் காக்கும் கவசம். எது நியாயமான தேடல், எத்தனை நாள் நியாயமான காலம் என்பதைச் சட்டம் எண்ணிக்கையில் சொல்லவில்லை. ஒவ்வொரு வழக்கின் உண்மைகளை வைத்து அது தீர்மானிக்கப்படும். அதனால் எடுத்த ஒவ்வொரு முயற்சிக்கும் தேதியோடு சான்று இருப்பது முக்கியம்.

முதல் வேலை, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் மைக்ரோசிப் இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பது. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் பொருத்தப்படும், அரிசி அளவுள்ள பொருள் அது. இருக்கும் இடத்தைக் காட்டும் வசதி அதில் இல்லை. கருவியில் படிக்கும்போது 15 இலக்க எண் ஒன்று தெரியும், அவ்வளவே. அந்த எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால்தான் உரிமையாளர் பெயர் கிடைக்கும். சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் 2025இல் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. ஆகவே சிப் உள்ள நாய் கிடைத்தால் மாநகராட்சியின் கால்நடைப் பிரிவை அணுகுவது பலன் தரும். 1913 என்ற மாநகராட்சிப் புகார் எண்ணில் தகவலைப் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது காவல் நிலையம். நாய் கிடைத்த இடம், நேரம், அடையாளங்கள், புகைப்படம் ஆகியவற்றோடு எழுத்தில் மனு கொடுத்து, அது பதிவானதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். நாயைத் தொலைத்தவரும் அதே நிலையத்துக்குத்தான் வருவார் என்பதால், தேடலுக்கும் சான்றுக்கும் இந்த ஒரு தாள் உதவும். பகுதியிலுள்ள கால்நடை மருத்துவமனைகள், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புளூ கிராஸ் போன்ற அமைப்புகள், குடியிருப்போர் சங்கங்களின் வாட்ஸ்அப் குழுக்கள் ஆகியவற்றுக்கும் தகவல் போக வேண்டும். அறிவிப்பில் எல்லா அடையாளங்களையும் கொட்டிவிடக் கூடாது. வயிற்றில் உள்ள தழும்பு, பட்டையின் நிறம் என ஏதாவது ஒன்றை மறைத்துவைத்தால், உரிமை கோரி வருபவரைச் சோதிக்க அது கைகொடுக்கும். இன நாய்களுக்கு விலை அதிகம். பொய் உரிமையாளர்களும் வருவார்கள்.

தேடலில் தாமதம் கூடாது என்பதற்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகிய இடங்களில் பிடிக்கப்படும் தெருநாய்களைக் காப்பகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும், பிடித்த இடத்திலேயே மீண்டும் விடக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. பட்டை கழன்றுபோன வளர்ப்பு நாய் அத்தகைய இடத்தில் பிடிபட்டால், அதன் குடும்பம் தேடிவரும் தெருவில் அது இருக்காது. உரிமையாளர் காப்பகங்களிலும் விசாரிக்க வேண்டும்.

உரிமை கோரி ஒருவர் வந்தால் மாநகராட்சி உரிமம், தடுப்பூசிப் புத்தகம், சிப் எண், பழைய புகைப்படங்கள் ஆகியவற்றைக் கேட்பது கண்டெடுத்தவரின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. தவறான ஆளிடம் கொடுத்துவிட்டால் உண்மையான உரிமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அடையாள அட்டை நகலோடு, நாயைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட கடிதம் வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும். இருவர் உரிமை கோரினால் கண்டெடுத்தவர் தீர்ப்புச் சொல்ல முயலாமல் காவல் நிலையத்தை நாடுவதே பாதுகாப்பு. காவல் துறை நாயைக் கைப்பற்றினால், யாரிடம் கொடுப்பது என்பதை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆவது பிரிவின்படி மாஜிஸ்திரேட் முடிவுசெய்வார். உரியவர் தெரியாத நிலையில், ஆறு மாதத்துக்குள் உரிமை கோரும்படி அறிவிப்பு வெளியிடவும் அவருக்கு அதிகாரம் உண்டு. 2020இல் மத்தியப் பிரதேசம் ஹோஷங்காபாத்தில் ஒரு லாப்ரடார் நாய்க்கு இருவர் உரிமை கோரியபோது, போலீசார் டி.என்.ஏ. பரிசோதனை வரை போனார்கள்.

செலவைப் பற்றிய விதி பலருக்கு வியப்பளிக்கும். பொருளைப் பாதுகாக்கவும் உரிமையாளரைத் தேடவும் தாமாக முன்வந்து செய்த செலவுக்காகவோ பட்ட சிரமத்துக்காகவோ உரிமையாளர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 168ஆவது பிரிவு. ஆனால் அந்தத் தொகை கிடைக்கும்வரை பொருளைத் தம்மிடமே வைத்திருக்கலாம் என்று அதே பிரிவு உரிமை தருகிறது. நாயைக் கொடுத்துவிட்டால் கேட்கும் பிடி போய்விடும். ஆகவே மருத்துவ ரசீதுகளை ஒப்படைப்பதற்கு முன்பே காட்டிப் பேச வேண்டும். அறிவிக்கப்பட்ட சன்மானம் வேறு வகை. அதற்காக வழக்கும் போடலாம், தரும்வரை நாயை வைத்திருக்கவும் செய்யலாம். ஆனால் சன்மானம் பற்றி அறிந்திருக்க வேண்டும். காணாமல்போன சிறுவனைத் தேடிப் போன வேலையாள், 501 ரூபாய் சன்மானம் அறிவிக்கப்பட்டது தெரியாமலேயே அவனைக் கண்டுபிடித்த லால்மன் சுக்லா வழக்கில், அலகாபாத் உயர் நீதிமன்றம் 1913இல் அவருக்குத் தொகை கிடையாது என்று தீர்ப்பளித்தது. அறியாத முன்மொழிவை யாரும் ஏற்க முடியாது என்பது காரணம்.

நியாயமான செலவு பொருளின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினால் விற்கலாம் என்று 169ஆவது பிரிவு சொல்கிறது. உரிமையாளரை நியாயமான முயற்சியால் கண்டுபிடிக்க முடியாதபோதோ, கேட்டும் அவர் செலவைத் தர மறுக்கும்போதோ மட்டும் இது பொருந்தும். ஏட்டில் இருக்கும் இந்த உரிமையை நாய் விஷயத்தில் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. விலை நிர்ணயத்திலேயே தகராறு வரும், விற்றவர் மீது 314ஆவது பிரிவின் நிழலும் விழும்.

நாயின் உடலில் சூட்டுக் காயமோ சங்கிலி அறுத்த புண்ணோ இருந்தால், உரிமையாளரிடமே திருப்பிக் கொடுக்க மனம் வராது. அப்போதும் நாயை மறைத்துவைப்பது தீர்வல்ல. கால்நடை மருத்துவரின் சான்றும் புகைப்படங்களும் சேர்த்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். வழக்கு நடக்கும் காலத்தில் விலங்கைச் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் அனுப்ப 35ஆவது பிரிவு வழிசெய்கிறது. குற்றம் நிரூபிக்கப்பட்ட உரிமையாளரிடமிருந்து விலங்கின் உரிமையையே பறிக்க 29ஆவது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

பராமரிப்பில் இருக்கும் நாளில் நாய் யாரையாவது கடித்தால், “என் நாய் அல்ல” என்ற பதில் எடுபடாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு, தம் வசத்திலுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. வசத்தில் இருப்பதுதான் அளவுகோல். தடுப்பூசி போட்டதா என்று தெரியாத நாயைச் சில நாள் பிள்ளைகளிடமிருந்தும் வீட்டிலுள்ள மற்ற நாய்களிடமிருந்தும் பிரித்து வைப்பது அவசியம். கடிபட்டவர் காயத்தை சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடித்த நாயை 10 நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

கடைசிக் கேள்வி, நாய் எப்போது கண்டெடுத்தவருக்குச் சொந்தமாகும் என்பது. இத்தனை நாள் கழிந்தால் சொந்தம் என்று ஒப்பந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. கண்டெடுத்தவரின் உரிமை உலகத்தார் எல்லோருக்கும் எதிராகச் செல்லும், உண்மையான உரிமையாளருக்கு எதிராக மட்டும் செல்லாது. புகைபோக்கி துடைக்கும் சிறுவன் கண்டெடுத்த நகை குறித்து 1722இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஆர்மரி வழக்கிலிருந்து இந்த நிலை தொடர்கிறது. தொலைந்த அசையும் பொருளை மீட்க 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 68ஆவது உறுப்பு மூன்று ஆண்டு தருகிறது. அந்தக் காலம் நாய் தொலைந்த நாளிலிருந்து ஓடுவதில்லை, அது யாரிடம் இருக்கிறது என்று உரிமையாளர் முதலில் அறிந்த நாளிலிருந்து ஓடுகிறது. ஆகவே பொருள் தம்முடையது என்ற உரிமையாளரின் கோரிக்கை வருடங்கள் கழித்தும் எழலாம்.

எனினும் தேடியதற்கான சான்றுகளோடு, உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாது என்று நல்லெண்ணத்தோடு நம்பும் நிலை வந்தபின் நாயை வீட்டில் வளர்ப்பது குற்றமாகாது. அப்போது தடுப்பூசி போட்டு, சிப் பொருத்தி, தம் பெயரில் மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும். நாய் கண்டெடுக்கப்பட்டது என்பதையும் சி.எஸ்.ஆர். எண்ணையும் விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுப்பது நல்லது. அந்த உரிமம் நாயை வளர்க்க அனுமதிக்கும் ஆவணம் மட்டுமே, பழைய உரிமையாளரின் உரிமையை அது அழிக்காது. பழைய உரிமையாளர் தக்க சான்றோடு வந்தால், அதுவரை ஆன செலவை 168ஆவது பிரிவின்படி பெற்றுக்கொண்டு நாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.