நல்லது நடந்தா யார்கிட்ட சொல்வீங்க?



"துக்கத்தைப் பகிர்ந்தா பாதியாகும், சந்தோஷத்தைப் பகிர்ந்தா இரட்டிப்பாகும்"னு நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்வாங்க. இதுல முதல் பாதியை நாம நல்லாவே கடைப்பிடிக்கிறோம். உடம்பு சரியில்லையா, வேலையில பிரச்சினையா, உடனே யாருக்காவது போன் போகுது. இரண்டாவது பாதி என்ன ஆச்சு? நான் மென்பொருள் துறையில வேலை பார்க்கிறவன். எதைப் பார்த்தாலும் "இது எப்படி வேலை செய்யுது?"ன்னு பிரிச்சுப் பார்க்கிறது பழக்கமாயிடுச்சு. இந்தச் சொல்லையும் இன்னிக்குக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

1. நல்லதுக்கு ஏன் சத்தமே இல்லை?

எங்க வேலையில ராத்திரி 2 மணிக்கு சர்வர் நின்னுபோச்சுன்னா, போன்ல அலர்ட் அடிக்கும். பத்து பேர் எழுந்திருப்பாங்க. அதே சர்வர் வருஷம் முழுக்க ஒழுங்கா ஓடினா? ஒரு மணியும் அடிக்காது. தப்பு நடந்தாத் தெரிவிக்க எல்லா ஏற்பாடும் இருக்கு. சரியா நடந்தாச் சொல்ல எந்த ஏற்பாடும் இல்லை.

மனித மனசும் ஏறக்குறைய இப்படித்தான். உளவியல் அறிஞர் ராய் பாமைஸ்டரும் அவரோட குழுவினரும் 2001-ல பல ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. கெட்ட அனுபவம் நல்ல அனுபவத்தைவிட வலுவா மனசுல பதியுதுன்னு முடிவுக்கு வந்தாங்க. ஆபத்தைக் கவனிக்காத உயிர் பிழைக்காது, அதனால மனசு ஆபத்துப் பக்கமே காதை வெச்சிருக்குங்கிறது அவங்க தரும் விளக்கம்.

இதோட விலையை நான் நேரில் பார்த்திருக்கேன். முன்னாடி நான் இருந்த ஒரு இடத்துல டெஸ்டிங் பண்ற ஒரு தம்பி இருந்தான். அவன் பிடிச்சுக் கொடுத்த பக்குகள் எல்லாம் வாடிக்கையாளர் கைக்குப் போறதுக்கு முன்னாடியே சரியாயிடும். அதனாலேயே அவன் செஞ்ச நல்லது யார் கண்ணுக்கும் தெரியலை. தப்பிப் போன ஒண்ணு ரெண்டைப் பற்றி மட்டும் மீட்டிங்ல பேச்சு வரும். வேலையை விட்டுப் போற அன்னிக்கு டீக்கடையில நின்னு, "ரெண்டு வருஷம் நல்லா வேலை பார்த்தேனா இல்லையான்னு எனக்கே தெரியல அண்ணா"ன்னு சொன்னான். திறமை குறைஞ்சு அவன் போகலை. நல்லா செஞ்சதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லாத இடத்துல மனசு காய்ஞ்சு போயிருந்தது.

2. சொன்னா என்ன ஆகுது?

1994-ல லாங்ஸ்டன் என்ற ஆய்வாளர் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். நல்லது நடந்ததை யாரிடமாவது சொன்னவங்களுக்கும், சின்னதாவது கொண்டாடினவங்களுக்கும், அந்த நல்லது தந்த சந்தோஷத்துக்கு மேலேயும் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம் கிடைச்சிருந்தது. 2004-ல ஷெல்லி கேபிள் தலைமையில அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளும் அதையே காட்டின. ஆக, பெரியவங்க சொன்ன "இரட்டிப்பு"ங்கிற கணக்கு துல்லியமா இல்லாட்டியும், கூடுதுங்கிறது உண்மைதான்.

ஏன் கூடுது? ஒண்ணு, சொல்லும்போது அதை மறுபடியும் மனசுக்குள்ள ஒருமுறை வாழறோம். ரெண்டு, கேட்கிறவர் முகம் மலர்ந்தா, "நமக்கு நல்லது நடந்தா சந்தோஷப்பட ஓர் ஆள் இருக்கு"ன்னு நிச்சயமாகுது. இந்த ரெண்டாவதுதான் உறவைக் கட்டிப் பிடிக்குது.

2006-ல கேபிள் குழுவினர் காதலர்களை வெச்சு இன்னொரு ஆய்வு செஞ்சாங்க. ஒருத்தர் தன் கஷ்டத்தைச் சொல்லும்போதும் நல்ல செய்தியைச் சொல்லும்போதும் மற்றவர் எப்படி நடந்துக்கிறார்னு தனித்தனியா பார்த்தாங்க. உறவு எவ்வளவு உறுதின்னு காட்டினதுல, கஷ்டத்தைக் கேட்ட விதத்தைவிட நல்ல செய்தியைக் கேட்ட விதம்தான் முன்னால நின்னுச்சு. "கஷ்டத்துல கூட நிக்கிறவன்தான் நண்பன்"னு நாம படிச்சு வளர்ந்தோம். நல்லதுல கூட நிக்கிறதும் அதுக்குக் குறைஞ்சதில்லை.

3. கேட்கிறவர் கையில்தான் பாதி இருக்கு

நல்ல செய்தியைக் கேட்கிறவங்க பதிலை கேபிள் நாலு வகையாப் பிரிக்கிறார். எங்க வீட்டு உதாரணத்தோட சொல்றேன்.

அப்பா ஒரு பஸ் டெப்போவுல மெக்கானிக்கா இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்கு அப்புறம் பேச்சே குறைஞ்சுபோச்சு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினா ரெண்டு நிமிஷத்துல "சரி, அம்மாகிட்ட குடுக்கிறேன்"னு முடிச்சுடுவார். ஒருநாள் அவராவே, "தம்பி, மாடியில போட்ட பாகல் காய்ச்சிருக்குடா"ன்னார். இதுக்கு நாலு விதமா பதில் சொல்லலாம்.

அ) ஆர்வமா உள்ளே போறது: "அப்படியாப்பா! எத்தனை காய்? பந்தல் நீங்களே போட்டதா? ஒரு போட்டோ அனுப்புங்கப்பா."

ஆ) சும்மா தலையாட்டுறது: "நல்லதுப்பா." இல்லன்னா வாட்ஸ்அப்ல ஒரு கட்டைவிரல்.

இ) குறை கண்டுபிடிக்கிறது: "இந்த வெயில்ல எதுக்குப்பா மாடி ஏறி இறங்கறீங்க? முட்டி வலி வரப்போகுது. கடையில வாங்கிக்கலாம்ல?"

ஈ) பேச்சை மாத்துறது: "சரிப்பா, கரண்ட் பில்லு கட்டியாச்சா?"

ஆய்வுல, நல்ல உறவோட சேர்ந்து வந்தது முதல் வகை மட்டும்தான். மற்ற மூணும் எதிர்ப்பக்கம்தான் காட்டின. நாம யோசிக்க வேண்டியது மூணாவது வகை. அது பொறாமையில வர்றதுன்னு நினைக்க வேண்டாம். நம்ம வீடுகள்ல அது பெரும்பாலும் அக்கறையிலதான் வருது. ஆனா கேட்கிறவருக்கு அக்கறை காதுல விழறதுக்கு முன்னாடி, "நீ செஞ்சது வேண்டாத வேலை"ங்கிறது விழுந்துடும். முட்டி வலியைப் பற்றி நாளைக்குப் பேசலாம். பாகற்காய் இன்னிக்குத்தான் முதல்முறையா காய்ச்சிருக்கு.

அன்னிக்கு நான் பந்தலைப் பற்றிக் கேட்டேன். பழைய கேபிள் ஒயரை வெச்சு பந்தல் கட்டின கதையை அப்பா இருபது நிமிஷம் சொன்னார். இப்ப ஞாயித்துக்கிழமை போன் அவர்கிட்ட இருந்துதான் வருது. என் கையில இருந்ததெல்லாம் ரெண்டு கேள்வி, அவ்வளவுதான்.

ஒண்ணு நினைவு வெச்சுக்கணும். அந்த ஆய்வு நடந்தது அமெரிக்கர்களை வெச்சு. நம்ம ஊர்ல ஒரு அப்பா "ம்"னு சொல்றதுல ஒரு மாலை போட்ட மரியாதை இருக்கலாம். அதனால பெரியவங்களோட "ம்"மை அளந்து வருத்தப்பட வேண்டாம். நாம சொல்ற பதிலை மட்டும் கவனிச்சாப் போதும்.

4. "கண்ணு பட்டுடும்" என்ற பயம்

நல்லதைச் சொல்லாம இருக்க நம்மகிட்ட இருக்கிற பெரிய காரணம் திருஷ்டி. வீடு கட்டினா பூசணிக்காய், குழந்தை நல்லா சாப்பிட்டா உப்பு மிளகாய் சுத்திப் போடறதுன்னு வளர்ந்தவங்க நாம. இதைக் கேலி பண்ண நான் வரலை. அந்தப் பயத்துக்குள்ள ஒரு நியாயம் இருக்கு: இல்லாதவன் முன்னால இருக்கிறதைக் கடை பரப்பாதேங்கிற நாகரிகம்.

ஆனா கடை பரப்பறது வேற, பகிர்றது வேற. "புது கார் எடுத்தாச்சு"ன்னு ஊருக்கே ஸ்டேட்டஸ் போடறதுல கேட்கிறவருக்கு இடமே இல்லை. "அண்ணே, நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரி லோனுக்கு எழுதினேன், கிடைச்சுடுச்சு"ன்னு ஒருத்தர்கிட்ட சொல்றதுல அவருக்கும் ஒரு பங்கு இருக்கு. யாருக்குப் பங்கு இருக்கோ அவங்ககிட்ட முதல்ல சொல்லுங்க.

நேரமும் முக்கியம். வேலை போன நண்பன்கிட்ட அதே வாரம் நம்ம பதவி உயர்வைப் பேச வேண்டாம். மறைக்கவும் வேண்டாம், வேற ஆள் மூலமா தெரிஞ்சா இன்னும் வலிக்கும். முதல்ல அவன் நிலைமையைக் கேட்டுட்டு, ரெண்டு வரியில சொல்லிட்டு நிறுத்திக்கலாம்.

5. பெரிய விஷயமா இருக்கணும்னு இல்லை

பொழுதுபோக்குல ஒரு நல்ல உதாரணம், பறவை பார்க்கிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு வருஷமும் பொங்கலை ஒட்டி 4 நாள் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. மொட்டை மாடியில 15 நிமிஷம் நின்னு, பார்த்த பறவைகளை 'இ-பேர்ட்' தளத்துல பதிவு செஞ்சாப் போதும். காக்கா, மைனாவும் கணக்குதான்.

"காக்காவைப் பார்த்ததை எல்லாமா சொல்லணும்?"னு தோணும். இப்படி நாடு முழுக்க சாதாரண மனுஷங்க பகிர்ந்த பதிவுகளை வெச்சுத்தான் 2020-ல இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை வந்தது. சிட்டுக்குருவி பெருநகரங்கள்ல குறைஞ்சிருந்தாலும், நாடு முழுக்க எடுத்துப் பார்த்தா எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாவே இருக்குன்னு அதுல தெரிஞ்சது. "குருவியே அழிஞ்சுபோச்சு"ன்னு பேசிக்கிட்டிருந்த நமக்கு அது நல்ல செய்தி. தினமும் பார்க்கிற சின்ன விஷயத்தை ஆயிரக்கணக்கானவங்க சொன்னதாலதான் அந்தச் செய்தியே நமக்குக் கிடைச்சது.

6. ஒரு வாரப் பயிற்சி

2005-ல மார்ட்டின் செலிக்மன் குழுவினர் ஓர் எளிய பயிற்சியைச் சோதிச்சாங்க. ஒரு வாரம், தினமும் ராத்திரி, அன்னிக்கு நல்லா நடந்த மூணு விஷயத்தையும், அது ஏன் நடந்ததுங்கிறதையும் எழுதணும். அப்படி எழுதினவங்க ஆறு மாசம் கழிச்சும் முன்னைவிட மகிழ்ச்சியா இருந்ததா பதிவாச்சு. பின்னால வந்த எல்லா ஆய்வுகளும் அதே அளவு பலனைக் காட்டலை. ஆனா செலவு ஒரு பேனாவும் அஞ்சு நிமிஷமும்தான். முயற்சி பண்ணிப் பார்க்கலாம். நான் பின்பற்றுற முறை இது:

* ராத்திரி மூணு நல்லதை எழுதுங்க. "ஏன் நடந்தது?"ங்கிற வரியை விடாதீங்க. அங்கதான் யாரோ ஒருத்தர் பேர் வந்து நிக்கும்.

* அந்தப் பேர்ல ஒருத்தருக்கு மறுநாள் சொல்லுங்க. ஃபார்வர்டு மெசேஜ் வேண்டாம், சொந்தமா ஒரு வரி.

* வேலையிடத்துல, எங்க டீம்ல ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை நடக்கிற ரெட்ரோவை "என்ன நல்லா போச்சு?"ன்னுதான் ஆரம்பிக்கிறோம். குறையைப் பேசறதுக்கு முன்னாடி 10 நிமிஷம். நல்லதைச் சொல்லும்போது ஆள் பேரையும் செஞ்ச வேலையையும் சேர்த்துச் சொல்லணுங்கிறது ஒரே விதி. "எல்லாரும் சூப்பர்"னு சொன்னா அது யாருக்கும் போய்ச் சேராது.

* யாராவது நல்லது சொன்னா, அறிவுரைக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க. "எப்படி நடந்தது?"ங்கிற ஒரே கேள்வி போதும்.

கெட்ட செய்திக்குக் கால் இருக்கு, யாரும் அனுப்பாமலே ஊரைச் சுத்தி வந்துடும். நல்ல செய்தியை நாமதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். இன்னிக்கு ராத்திரி வீட்டுல ஒருத்தர்கிட்ட, "இன்னிக்கு என்ன நல்லது நடந்துச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க. முதல் நாள் "ஒண்ணுமில்லையே"ன்னுதான் பதில் வரும். மூணாவது நாள் அவங்களே உங்களைத் தேடி வந்து சொல்வாங்க.

 உங்களுக்கு நடந்த நல்லதையும் சொல்லுங்க, காத்திருக்கேன்.