ஒட்டி நிற்கும் மீனுக்குப் பெயர் வைக்குமுன்

மகள், ஹல்துமுல்லையில் உன் வீட்டு முன்னறைக்குக் கண்ணாடித் தொட்டி வந்துவிட்டதாம். கவச உடம்புள்ள உறிஞ்சுவாய்க் கெளிறுகளை வாங்கி விட்டிருக்கிறாயாம். அவை என்ன இனம் என்று வகைப்படுத்தப் போகிறாயாம். உன் அம்மா பெருமையாகவும் கொஞ்சம் கவலையாகவும் சொன்னாள். கவலை எதற்கு? நல்ல ஆசைதான். ஆனால் லோரிகேரிடே என்ற அந்த ஒரு குடும்பத்தில் மட்டும் 1,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. கெளிறுகளில் அதைவிடப் பெரிய குடும்பம் கிடையாது. அதற்குள் காலை வைக்கிறவளுக்குச் சிலதைச் சொல்லி வைக்கிறேன். பண்டாரவளையில் மீன் விற்ற காலத்தில் பட்டுத் தெரிந்தது பாதி, என்னைவிடப் பொறுமையானவர்களிடம் கேட்டுத் தெரிந்தது பாதி.

1. பெயரைக் கேட்குமுன் மீனைப் பார். மற்ற மீன்கள் பக்கவாட்டைத்தான் காட்டும். இவை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வாயையும் வயிற்றையும் தாமாகவே காட்டும். டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார். உதடுகள் இரண்டும் சேர்ந்து வட்டத் தட்டாக விரிந்திருக்கும். அதன் நடுவே மயிரிழை போன்ற பற்கள் வரிசையாகத் தெரியும். கண்ணாடியில் படிந்த பாசியை அவை சுரண்டுவதைப் பொறுமையிருந்தால் பார்க்கலாம். உடம்பில் செதில் இருக்காது, எலும்புத் தகடுகள்தான். மீனை இடம் மாற்றும்போது ஈரக் கையில் எடுக்க நேர்ந்தால், தலையிலிருந்து வால் பக்கம் மெதுவாக விரலை ஓட்டு: வழுக்கும். வாலிலிருந்து தலைக்கு ஓட்டினால் சொரசொரக்கும். தகடுகளின் மேல் பல் போன்ற நுண்முட்கள் பின்பக்கம் சாய்ந்து நிற்பதுதான் காரணம். பார்த்ததை எல்லாம் கொப்பியில் எழுது, படமும் வரை. முதல் ஒரு கிழமைக்குப் பெயர் என்ற இடத்தை வெறுமையாக விடு. பதறாத காரியம் சிதறாது.

2. ஒரே தொழில் செய்கிறவர்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் அல்ல. நம் பக்கத்திலிருந்து கீழே வளவை ஆற்றுக்கு இறங்கும் ஓடைகளில் கல்லைக் கவ்விக்கொண்டு நிற்கும் ஒரு மீன் உண்டு. சிங்களத்தில் கல் பாண்டியா என்பார்கள், நூலில் கர்ரா சிலோனென்சிஸ். அதற்கும் உறிஞ்சும் தட்டு இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டு வாய்க்குப் பின்னே, மோவாயில் இருக்கிறது. உடம்பில் இருப்பது சாதாரணச் செதில். அது கெண்டைக் குடும்பத்து மீன். உன் தொட்டிக் கெளிறோடு அதற்கு நெருங்கிய உறவு எதுவும் இல்லை. ஓடும் தண்ணீர் இரண்டையும் ஒரே வேலைக்குப் பழக்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதேபோல் கொரிடோரஸுக்குக் கவசம் உண்டு, பக்கத்துக்கு இரண்டு வரிசைத் தகடு. உறிஞ்சும் வாய் கிடையாது, அது வேறு குடும்பம். தேயிலை இஸ்டோரில் சல்லடை பீ.ஓ.பி.யையும் டஸ்டையும் அளவை வைத்துப் பிரிக்கும். இரண்டும் ஒரே கொழுந்திலிருந்து வந்தவையாக இருக்கலாம். மீனை வகைப்படுத்துவது அதற்கு எதிர்த்திசை வேலை: அளவையும் தோற்றத்தையும் தள்ளிவைத்து, எந்தச் செடியிலிருந்து பறித்தது என்று கேட்பது. நம் மீன்களை முதலில் தெரிந்துகொள்ள வேண்டுமானால் றொஹான் பெத்தியாகொட 1991இல் வெளியிட்ட இலங்கை நன்னீர் மீன் நூலைத் தேடிப் பிடி. வெளியூர் மீனைப் படிக்கிறவள் உள்ளூர் ஓடையைத் தெரியாமல் இருக்கக்கூடாது.

3. தவறிவிடுவோமோ என்று பயப்படாதே. தவறைக் கட்டிக்கொண்டு அழாதே. உயிர்களுக்கு இருசொல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸே 1758இல் இந்தக் குடும்பத்து மீன் ஒன்றை ஸ்டர்ஜன் மீன்களின் பேரினத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஸ்டர்ஜனுக்கும் உடம்பில் எலும்புத் தகடு உண்டு, வாயும் அடிப்பக்கம்தான். பார்த்ததை வைத்து முடிவு செய்தார், முடிவு பிழைத்தது. பின்னால் வந்தவர்கள் அதை எடுத்து ஹைப்போஸ்டோமஸ் என்ற பேரினத்தில் வைத்தார்கள். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை, அவர் எழுதி வைத்ததால்தானே திருத்த முடிந்தது! எழுதாமல் மனதில் வைத்திருப்பவனின் பிழையை எவராலும் திருத்த முடியாது.

4. கடைச் சீட்டை நம்பு, ஆனால் அரைவாசி மட்டும். உன் தொட்டியில் விரலளவுகூட இல்லாத, பக்கத்தில் கருங்கோடு போட்ட அந்தச் சின்ன மீன்கள் ஓட்டோசிங்க்ளஸ். பெட்டிமேல் ‘அஃபினிஸ்’ என்று எழுதி வந்தது, நாங்களும் அப்படியே எழுதி விற்றோம். உலகமெங்கும் அப்படித்தான் விற்றார்கள். ஸ்டைன்டாக்னர் 1877இல் விவரித்த உண்மையான அஃபினிஸ் தென்கிழக்கு பிரேசிலில், ரியோ டி ஜெனீரோ பக்கத்து ஆறுகளில் இருப்பது. கடைக்கு வந்தவையோ பெரும்பாலும் அமேசன் பக்கத்து மீன்கள்: விட்டாட்டஸ், மேக்ரோஸ்பைலஸ் போன்றவை. ஸ்கொட் ஷேஃபர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1997இல் இந்தப் பேரினம் முழுவதையும் எடுத்து, எலும்பு எலும்பாகப் பார்த்துத் திருத்தி எழுதினார். இப்போது ஏறத்தாழ 20 இனங்கள் கணக்கில் உண்டு. நீ வாலடியைப் பார்: பெரிய கரும்பொட்டு தனித்து நிற்கிறதா, உடல் கோடு வால் துடுப்புக்குள் ஓடுகிறதா, வாலில் உள்ள கறை எந்த வடிவம்? (2006இல் ஒரு இனத்துக்கு, வாலில் உள்ள கறை வௌவால் சின்னத்தைப் போல இருந்ததால், பட்மானி என்று பெயர் வைத்தார்கள். விஞ்ஞானிகளும் படம் பார்க்கிறவர்கள்தான்.) இவ்வளவும் பார்த்தும் உறுதி வரவில்லையா? ‘ஓட்டோசிங்க்ளஸ், இனம் தெரியவில்லை’ என்று எழுது. அது வெட்கப்படும் வரியல்ல. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவதுதான் வெட்கம்.

5. எண்ணையும் மதிக்கப் பழகு. 1988இல் ஜெர்மனியின் டாட்ஸ் என்ற மீன் வளர்ப்பு இதழ் ஒரு காரியம் செய்தது. இன்னும் விஞ்ஞானப் பெயர் கிடைக்காத உறிஞ்சுவாய்க் கெளிறுகளின் படத்தைப் போட்டு, எல் என்ற எழுத்தோடு வரிசை எண் கொடுக்கத் தொடங்கியது. எல் 46 என்றால், கறுப்பு வெள்ளை வரி போட்ட சிங்கு ஆற்று மீன். அதற்கு ஹைப்பான்சிஸ்ட்ரஸ் சீப்ரா என்ற பெயர் 1991இல்தான் வந்தது. இந்த முறையில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை: ‘இதைப் பார்த்தோம், இந்த ஆற்றில் பிடித்தார்கள், பெயர் பின்னால் வரட்டும்’ என்று சொல்கிறது. ஆனால் எண்ணை இனமாக எண்ணிவிடாதே. பொன்னிறப் பொட்டுப் போட்ட ஒரு மீனுக்கு எல் 18, எல் 81, எல் 85, எல் 177 என்று நான்கு எண் இருந்தன. விலையும் எண்ணுக்கு எண் வேறு. 2011இல் ஆய்வாளர்கள் நான்கும் ஒரே இனம் என்று சொல்லி பாரியான்சிஸ்ட்ரஸ் சாந்தெல்லஸ் என்று பெயர் வைத்தார்கள். குட்டியும் தாயும், இந்தக் கரையும் அந்தக் கரையும் வெவ்வேறு நிறம் காட்டுவது புதிதா என்ன? சேகரிக்கிற ஆசைக்கு நான்கு எண் இனிக்கும். படிக்கிற ஆசைக்கு ஒரே பெயர் போதும்.

6. பெயர் மாறினால் கோபப்படாதே. கொரிடோரஸ் ஏனியஸ் என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்ன வெண்கல நிற மீன் 2024க்குப் பிறகு ஆஸ்டியோகாஸ்டர் ஏனியா. அந்தப் பெரிய பேரினத்தை ஆய்வாளர்கள் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். பழைய பெயரையும் புதிய பெயரையும் கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஆண்டைப் போடு. வேலை முடிந்தது.

7. வகை தெரிவது உனக்குப் பெருமை. மீனுக்கு அது சோறு. இதை மட்டும் மனதில் ஊன்றி வை. கடையில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் விரல் நீளக் குட்டியும், உன் ஓட்டோசிங்க்ளஸும், மூக்கில் மீசை முளைத்த அன்சிஸ்ட்ரஸும் கடைக்காரனுக்கு ஒன்றுதான்: பாசி தின்னும் மீன். ஆனால் ஓட்டோசிங்க்ளஸ் 5 சென்ரிமீற்றரைத் தாண்டாது. பெரும்பாலும் ஆற்றில் பிடித்துப் பல கை மாறி, வயிறு ஒட்டி வந்து சேரும். பாசி படியாத புதுத் தொட்டியில் விட்டால் சத்தமில்லாமல் பட்டினியில் சாகும். கெக்கரிக்காய்த் துண்டை இலேசாக அவித்துக் கல்லில் கட்டிப் போடு. மறுநாள் வயிறு உருண்டிருக்கிறதா பார். நம் மலைக் குளிரில், மார்கழி இரவில், தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று வெப்பமானியில் பார்க்கவும் மறக்காதே. அன்சிஸ்ட்ரஸ் வேறு குணம். பொந்தில் இடும் முட்டையைத் தகப்பன் மீன் காவல் காக்கும். அப்போது பொந்தைக் கிளறாதே. டேங்க் கிளீனரோ 40 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். அதைக் குட்டியிலேயே அறிய வழி உண்டு. முதுகுத் துடுப்பு விரியும்போது, முன் முள்ளுக்குப் பின்னால் உள்ள மென்கதிர்களை எண்ணு. ஹைப்போஸ்டோமஸ் என்றால் 7. டெரிகோப்ளிக்திஸ் என்றால் பெரும்பாலும் 10 அல்லது அதற்கு மேல். துடுப்பு பாய்மரம்போல் அகன்று நிற்கும். ஆசியாவின் நீர்நிலைகளில் பரவியிருப்பது இந்த இரண்டாவது கூட்டம். அதற்குள்ளும் வயிற்றில் பொட்டு இருந்தால் பார்டாலிஸ், நெளிகோடு இருந்தால் டிஸ்ஜங்டிவஸ் என்று ஒரு வழக்கு. நடுவே பொட்டும் நெளியும் கலந்த மீன்கள் நிறைய, அங்கே கைதேர்ந்தவர்களும் தயங்குவார்கள். நீயும் தயங்கலாம். ஆனால் கதிர் எண்ணுவதில் தயங்காதே, வாங்குமுன் எண்ணிவிடு.

8. வளர்க்க முடியாததை ஓடையில் விடாதே. இதில் மட்டும் நான் கண்டிப்பானவன். தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்த டேங்க் கிளீனரை வாளியில் போட்டு, ‘பாவம், பிழைத்துப் போகட்டும்’ என்று ஆற்றில் கவிழ்த்த நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும். இரக்கம்தான். ஆனால் அந்த இரக்கத்தின் விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். கண்டிப் பக்கம் மகாவலி ஆற்றின் பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் டெரிகோப்ளிக்திஸ் பெருகி, அதன் வளர்ச்சியையும் பெருக்கத்தையும் ஆய்வாளர்கள் தனியே அளந்து எழுதும் அளவுக்குப் போய்விட்டது. நம் பக்கத்துத் தண்ணீர் மகாவலிக்குப் போவதில்லையே என்று நினைக்காதே. ஹல்துமுல்லை ஓடைகள் வளவைக்கும், கொஸ்லாந்தைப் பக்கத்து ஓடைகள் தியலும அருவியில் விழுந்து கிரிந்தி ஓயாவுக்கும் போகின்றன. கீழே உடவளவையில் திலாப்பியாவுக்கு வலை போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. கவசமும் துடுப்பு முள்ளும் கொண்ட இந்த மீன் சிக்கினால் வலை கிழியும். பிடித்ததை வாங்கவும் ஆள் குறைவு. கரையைத் துளைத்துப் பொந்து தோண்டி முட்டையிடும், கரை மண் சரியும். மண் சரிவைப் பற்றி நம் பகுதிப் பிள்ளைக்கு நான் விளக்கத் தேவையில்லை. மீரியபெத்தை சரிந்த 2014 ஒக்ரோபர் 29ஐ யார் மறந்தார்கள்? அது மழையும் மலையும் செய்தது, மீன் செய்ததல்ல; இரண்டையும் குழப்பாதே. ஆனால் மண்ணும் நீரும் யார் கையிலும் விளையாட்டுப் பொருளல்ல என்பது மட்டும் நமக்குத் தெரியும். வளர்ந்த மீனை வைத்திருக்க முடியாவிட்டால் கடைக்குத் திருப்பிக் கொடு, பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடு. இரண்டும் நடக்காது என்றால் முதலிலேயே வாங்காதே.

9. எந்த ஆறு என்று கேள். விற்பவரிடம் பெரும்பாலும் பதில் இருக்காது, இருந்தாலும் கேள். கேட்பவர்கள் கூடினால்தான் பதில் சொல்லும் வழக்கம் வரும். சிங்கு ஆற்றில் பெலோ மொண்டே அணை கட்டிய பிறகு எல் 46 என்ற அந்த வரி மீன் வாழும் நீரோட்டமே மாறிப்போனது. அதை ஆற்றிலிருந்து பிடித்து விற்பதற்கு இப்போது சர்வதேசக் கட்டுப்பாடும் உண்டு. ஊர் தெரியாத மீனுக்குப் பெயர் வைப்பது அரைவேலை.

10. மீன் செத்தால் குப்பையில் எறிந்துவிடாதே. நிறம் மங்குமுன் இரண்டு பக்கமும் வயிறும் தெரியப் படம் எடு. பிறகு சாராயக் கடைச் சரக்கல்ல, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் போட்டு, வாங்கிய இடம், தேதி, தொட்டியின் வெப்பம் எல்லாம் பென்சிலால் எழுதிய சீட்டைப் போத்தலுக்கு உள்ளேயே போடு. மை கரைந்துவிடும், பென்சில் நிற்கும். சீட்டில்லாத போத்தல் எந்த ஆய்வாளருக்கும் பயன்படாது. ஆனால் படிப்பதற்காக ஒரு மீனையும் கொல்லாதே; வளர்க்கிறவளுக்குச் சாவு தானாகவே வந்து பாடம் சொல்லும்.

தைப்பொங்கல் விடுமுறையில் நீ இங்கே வரும்போது கொப்பியைக் கொண்டு வா. பெயர் இடம் இன்னும் வெறுமையாக இருந்தால் பரவாயில்லை, கதிர் எண்ணிக்கையும் வாலடிக் கறையின் படமும் இருக்க வேண்டும். பெயரை இரண்டு பேரும் உட்கார்ந்து தேடலாம்.