மாலுமிகள் ஒரு நாட்டைப் பகிஷ்கரிக்கலாமா?

கப்பல் துறைமுகத்தில் நிற்கிறது. கிட்டங்கியிலிருந்து சரக்கு வந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் கட்டியாயிற்று, வாங்குபவருக்குத் தேதியும் சொல்லியாயிற்று. அந்த நேரத்தில் மாலுமிகள், “அந்த நாட்டு அரசாங்கம் அநீதி செய்கிறது, அதற்காகக் கப்பல் ஓட்ட மாட்டோம்” என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டால் நாம் என்ன சொல்வோம்? “அரசியல் வேறு, கப்பல் வேறு, கூலி வாங்கியவன் வேலை செய்யவேண்டும்” என்போம். வியாபாரியின் வாயில் முதலில் வருகிற பேச்சு இதுதான். அது நியாயமான பேச்சா என்று சற்று நிதானமாக ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

வெறும் தர்க்கமாகப் பேசினால் பயன் இல்லை. நமது கடற்பகுதியை ஒட்டி உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம்.

1945இல் நடந்தது

1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தபோது, அங்கிருந்த டச்சு அதிகாரிகள் பலரும், டச்சுக் கம்பெனிக் கப்பல்கள் பலவும் ஆஸ்திரேலியாவுக்குத் தப்பிச் சென்றன. அக்கப்பல்களில் இந்தோனேஷிய மாலுமிகள் பலர் வேலை செய்துவந்தனர். யுத்தம் முடிந்ததும், 1945 ஆகஸ்ட் 17ஆம் நாள், சுகர்னோவும் ஹத்தாவும் இந்தோனேஷியா சுதந்திர நாடு என்று பிரகடனம் செய்தனர். டச்சுக்காரர் அதை ஏற்கவில்லை. பழைய ஆட்சியை மீண்டும் நிறுவுவதற்கு ஆஸ்திரேலியத் துறைமுகங்களிலிருந்து ஆட்களையும் ஆயுதங்களையும் தளவாடங்களையும் அனுப்ப முனைந்தனர்.

அக்கப்பல்களை ஓட்டவேண்டியவர் யார்? இந்தோனேஷியரே. தம் நாட்டை மீண்டும் அடிமையாக்கச் செல்லும் கப்பலுக்குத் தாமே கரி அள்ளிப்போட வேண்டும் என்ற நிலை! செப்டம்பர் இறுதியில் பிரிஸ்பேனிலும், அடுத்துச் சிட்னி முதலிய துறைமுகங்களிலும் அவர்கள் கப்பலைவிட்டு இறங்கினார்கள். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்று, டச்சுக் கப்பல்களில் சரக்கு ஏற்ற மறுத்தது. வேறு பல தொழிற்சங்கங்களும் சேர்ந்துகொண்டன.

இறங்கியவர்களுக்குப் பதிலாக இந்திய மாலுமிகள் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். அவர்களுள்ளும் பலர் மறுத்தனர். சிட்னியில் இந்திய மாலுமிகளுக்கென ஒரு சங்கமும் அக்டோபரில் தோன்றிற்று. ‘பட்ராஸ்’ என்ற கப்பலை ஒரு சிறு மோட்டார் படகு துரத்திச் செல்வதும், அதிலிருந்தவர்கள் இந்திய மொழியில் ஒலிபெருக்கி வழியாகச் செய்தி சொல்வதும், ‘இந்தோனேஷியா அழைக்கிறது’ என்னும் பொருள்பட்ட பெயருடைய 1946ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் காட்டப்பட்டிருக்கின்றன. அதை எடுத்த யோரிஸ் ஈவன்ஸ் ஒரு டச்சுக்காரர். டச்சுக் கிழக்கிந்திய அரசாங்கம் கொடுத்திருந்த பதவியை உதறிவிட்டே அவர் அப்படத்தை எடுத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

சிங்கப்பூரும் இதில் வாளாவிருக்கவில்லை. 1945 அக்டோபரில் தஞ்சோங் பகார் துறைமுகத் தொழிலாளர் சுமார் 7,000 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலிக் கோரிக்கையோடு, ஜாவாவில் டச்சுக்காரருக்கு ஆயுதம் கொண்டுபோகும் கப்பல்களில் வேலை செய்யோம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

வரவும் செலவும்

வியாபாரி எதையும் ஐந்தொகை போட்டுப் பார்ப்பவன். இப்பகிஷ்காரத்தின் வரவு என்ன, செலவு என்ன?

செலவை முதலில் பார்ப்போம். அதை முதலில் கொடுத்தவர்கள் மாலுமிகளே. கப்பலைவிட்டு இறங்கிய அன்றே சம்பளம் நின்றது. உறங்க இடமும் இல்லாமற் போயிற்று. வெள்ளையர் அல்லாதார் குடியேறக்கூடாது என்பது அன்றைய ஆஸ்திரேலியச் சட்டம். ஆகவே, கரையில் நின்ற மாலுமி அச்சட்டப்படி குற்றவாளி ஆனான். சங்கங்களும் நல்லெண்ணம் கொண்ட பொதுமக்களும் உதவினர். அக்டோபரில் ஆஸ்திரேலிய அரசாங்கமே ‘எஸ்பரன்ஸ் பே’ என்ற கப்பலில் சுமார் 1,400 இந்தோனேஷியரை ஊருக்கு அனுப்பிவைத்தது.

வரவு என்ன? பகிஷ்காரம் மட்டுமே சுதந்திரத்தை வாங்கித் தந்தது என்று சொன்னால் அது மிகை. இதைப்பற்றி நூல் எழுதிய ரூபர்ட் லாக்வுட் என்பவர் 500க்கு மேற்பட்ட கலங்கள் தடைப்பட்டன என்று கணக்குக் கொடுக்கிறார். ஆனால் அவற்றுள் பெரும்பகுதி தொங்கான் போன்ற சிறு கலங்களே. எனினும், டச்சுக்காரர் அவசரமாக எதிர்பார்த்த தளவாடங்கள் தாமதப்பட்டன. புதிய குடியரசுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. 1947 ஜூலையில் டச்சுப் படை தாக்கியபோது, ஆஸ்திரேலியாவும் இந்தியாவுமே இவ்விவகாரத்தை ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபைக்குக் கொண்டுசென்றன. துறைமுகங்களில் பகிஷ்காரமும் மீண்டும் தொடங்கிற்று. போராட்டமும் பேச்சுவார்த்தையுமாக இழுத்து, 1949 டிசம்பர் 27ஆம் நாள் ஆட்சி கைமாறியது.

எதிர்வாதம்

“அந்தக் கப்பல்களில் மருந்தும் உணவுமல்லவா இருந்தன?” என்று டச்சுத் தரப்பில் கேட்கப்பட்டது. இதை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. ஜப்பானியர் முகாம்களில் அடைபட்டு நோயுற்றிருந்த டச்சுப் பெண்களும் குழந்தைகளும் அப்போது ஜாவாவில் இருந்தது உண்மை. பெட்டிக்குள் இருப்பது மருந்தா, தோட்டாவா என்று கரையில் நிற்கும் மாலுமி எப்படி அறிவான்? ஆயுதத்தைத் தடுக்கும் கை மருந்தையும் தடுத்துவிடலாம். பகிஷ்காரத்தில் இறங்குகிறவர் இரவில் படுத்தபின்னும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இன்னொரு நிகழ்ச்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இஸ்ரேலுக்குச் சென்றுவந்த கப்பல்களை அரபு நாடுகள் கறுப்புப் பட்டியலில் சேர்த்தன. அதனால் தங்கள் வேலை பாதிக்கப்படுகிறது என்று கூறி, 1960 ஏப்ரலில் நியூயார்க்கில் அமெரிக்க மாலுமிகள் சங்கம் ‘கிளியோபாத்ரா’ என்ற எகிப்தியக் கப்பலை மறியல் செய்தது. உடனே அரபுத் துறைமுகத் தொழிலாளர்கள் அமெரிக்கக் கப்பல்களைத் தொடமாட்டோம் என்றார்கள். ஒரு துறைமுகத்தில் மூண்ட சச்சரவு பல நாடுகளுக்குப் பரவியது. அமெரிக்க அரசாங்கம் தலையிட்டு உறுதிமொழி கொடுத்தபின், மே மாதத் தொடக்கத்தில் மறியல் கைவிடப்பட்டது. இரு தரப்பினருக்கும் தத்தம் குறை இருந்தது. ஆனால் இடையில் அகப்பட்ட சரக்குக்காரர்கள் எந்த அரசாங்கத்தின் கொள்கையையும் வகுத்தவர்கள் அல்லர்.

நான்கு சோதனைகள்

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டால், நாம் கைக்கொள்ளத்தக்க நான்கு சோதனைகள் கிடைக்கின்றன.

முதலாவது: அநீதிக்கு உள்ளானவர்களே அப்பகிஷ்காரத்தைக் கேட்கிறார்களா? 1945இல் கேட்டவர்கள் இந்தோனேஷியரே. பிறர் வீட்டுச் சண்டையை நாமே எடுத்துப் போட்டுக்கொள்வது வேறு.

இரண்டாவது: மறுக்கப்படுவது எது? தன் கையால் நடக்கும் ஒரு குறிப்பிட்ட தீமையை மறுப்பது ஒன்று; ஒரு தேசத்தார் அனைவரின் அரிசியையும் துணியையும் மறுப்பது மற்றொன்று. 2008 ஏப்ரலில் ஜிம்பாப்வேக்கு ஆயுதம் கொண்டுவந்த சீனக் கப்பலில் அந்த ஆயுதங்களை இறக்கமாட்டோம் என்று டர்பன் துறைமுகத் தொழிலாளர் சங்கம் மறுத்தது. நீதிமன்றமும் தடை விதிக்கவே, கப்பல் வெளியேறியது. அங்கே மறுக்கப்பட்டது ஆயுதம். மக்களின் உணவு அன்று.

மூன்றாவது: செலவை யார் கொடுக்கிறார்கள்? தன் சம்பளத்தை இழந்து மறுப்பவன் பேச்சுக்கு ஒரு கனம் உண்டு. பிறன் பணத்தில் வீரம் பேசுவது எளிது.

நான்காவது: எப்போது முடியும் என்று சொல்லப்பட்டிருக்கிறதா? நிபந்தனை இல்லாத பகிஷ்காரம் பகையாகிவிடும்.

இதற்கு உதாரணம் தேடி நாம் தூரம் போகவேண்டியதில்லை. பகிஷ்காரத்தால் ஒரு காலத்தில் பயன் பெற்ற அதே இந்தோனேஷியா, 1963 செப்டம்பரில் மலேசியா உருவானதை எதிர்த்து, சிங்கப்பூரோடும் பினாங்கோடும் நடந்துவந்த வர்த்தகத்தை அடியோடு நிறுத்தியது. அது மாலுமிகள் செய்ததன்று; அரசாங்கம் செய்தது. அதன் அடி விழுந்தது யார்மேல்? நீரிணையின் இக்கரையிலும் அக்கரையிலும் இருந்த சிறு வியாபாரிகள்மேலும், படகுக்காரர்மேலும், சுமை தூக்குவோர்மேலும்தான். 1966இல் சமாதானம் ஏற்படும்வரை அந்நிலை நீடித்தது. குறியைச் சுருக்காத தடை எங்கே போய் விழும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம்.

நமக்குரிய கடமை

இனி வியாபாரிகளாகிய நம் பங்கு என்ன? சரக்கு என்பது அமானிதம். பேசிய பேச்சையும் எழுதிய ஒப்பந்தத்தையும் காப்பது நமது முதல் கடமை. ஒரு நாட்டின் கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக, முன்பணம் வாங்கியபின் சரக்கை நிறுத்திவைப்பது பகிஷ்காரம் அன்று, மோசடி. மறுக்க விரும்புபவர் ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே மறுக்கட்டும். எழுதிவிட்டால், வெளிப்படையாகச் சொல்லி, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து விலகட்டும்.

அதேவேளையில், “நான் வியாபாரி, எனக்கு எதுவும் தெரியாது” என்பதும் போதாது. மூட்டையில் இருப்பது அரிசி என்றால் அது யார் வாய்க்குப் போகிறது என்று நாம் விசாரிக்க வேண்டியதில்லை. பெட்டியில் இருப்பது தோட்டா என்றால், அது யார் மார்புக்குப் போகிறது என்று விசாரித்தே ஆகவேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்டு, விடை பிடிக்காமல் இறங்கிப்போன மாலுமியை நாம் சோம்பேறி என்றோ கலகக்காரன் என்றோ ஏசக்கூடாது. நமது தாமதத்தின் நஷ்டம் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அவன் விட்டுக்கொடுத்தது அன்றாடச் சோறு.

ஆகவே, முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுதான். ஒரு நாட்டு மக்களைத் தண்டிக்க மாலுமிக்கு உரிமை இல்லை. ஆனால் அநீதிக்குத் தன் கையைக் கடன் கொடுக்க மறுக்கும் உரிமை அவனுக்கு உண்டு.

கலந்து பேசுவதற்கு

1. நாம் அனுப்பும் சரக்கின் முடிவான உபயோகம் இன்னதென்று விசாரிக்கும் பொறுப்பு நமக்கு எதுவரை உண்டு?

2. நியாயமான பகிஷ்காரத்தால் ஒரு சிறு கடைக்காரருக்கு நஷ்டம் வந்தால், அதில் மற்ற வியாபாரிகள் பங்கு ஏற்கவேண்டுமா?

3. ஆயுதமும் மருந்தும் ஒரே கப்பலில் இருந்தால் என்ன செய்வது?