மட் ரயர் பனிக்குத் தாங்குமா?

நவம்பர் பிறந்துவிட்டால் மொன்றியலில் ரயர் கடைகளில் நேரம் எடுப்பதே பெரும்பாடு. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, கியூபெக்கில் பதிவான கார், வான், பிக்கப் எதுவானாலும் நான்கு சக்கரத்திலும் வின்டர் ரயர் பூட்டியிருக்க வேண்டும். பிடிபட்டால் தண்டம் 200 முதல் 300 டொலர் வரை. கட்டட வேலைக்குப் பிக்கப்பில் போகிறவர்களும், ஜீப் வைத்துக்கொண்டு லோறன்ஷியன் மலைப்பக்கம் மீன் பிடிக்கவும் கூடாரம் அடிக்கவும் போகிற இளைஞர்களும் இந்தக் காலத்தில் கேட்பது ஒன்றுதான்: சேற்றுக்கென்று காசைக் கொட்டி வாங்கிய மட் ரயரை வின்டருக்கும் வைத்து ஓட முடியாதா? இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். அந்தப் பதில்களில் சில உயிருக்கே உலை வைப்பவை.

“கட்டை கட்டையாக இருக்கிற ரயர்தான் பனியைப் பிடிக்கும்.”

இதில் உண்மை இல்லாமல் இல்லை. இரவு முழுக்கக் கொட்டி, இன்னும் யாரும் வழிக்காத முழங்காலளவு பனியில் மட் ரயர் நன்றாகவே போகும். தோண்டிக்கொண்டு அடியிலுள்ள தரையைத் தொட்டுவிடும். ஆனால் மொன்றியலில் நாம் ஓடுவது அந்தப் பனியில் அல்ல. வழித்து, உப்புப் போட்டு, ஆயிரம் வாகனங்கள் ஏறி இறுக்கிய பனியிலும் அதன் மேல் படிந்த ஐஸிலும்தான் ஓடுகிறோம்.

மட் ரயரின் வேலை சேற்றை வைத்துக்கொள்வதல்ல, வீசுவது. கட்டைகளுக்கிடையே அகன்ற இடைவெளி விட்டிருப்பது அதற்காகத்தான். சக்கரம் சுழல, புகுந்த சேறு வெளியே பறந்துவிடும். வின்டர் ரயர் இதற்கு நேர் எதிர். அது பனியைத் தன் வெட்டுகளுக்குள் பிடித்து வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் பனியுருண்டை பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: பனியில் பனி ஒட்டிக்கொள்ளும், ரப்பர் அந்த அளவுக்கு ஒட்டாது. இறுகிய பனியில் பிடிமானத்தில் பெரும்பங்கு ரயருக்குள் அடைந்திருக்கும் பனியால்தான் வருகிறது. அதை வீசியெறியும் ரயர் தன் பிடியைத் தானே வீசுகிறது.

ஐஸில் நிலைமை இன்னும் மோசம். அங்கே எவ்வளவு ரப்பர் தரையைத் தொடுகிறது, அது எவ்வளவு மென்மை என்பதுதான் கணக்கு. மட் ரயரில் இடைவெளி கூடியதால் தொடும் பரப்புக் குறைவு. கல்லிலும் வேரிலும் கிழியாமல் இருக்கவென்று செய்த ரப்பரும் குளிரில் இறுகிப் போகும். ஜனவரியில் ஒரு காலை, வெளியே நின்ற இரண்டு வண்டிகளின், ஒன்றில் வின்டரும் மற்றதில் மட்டுமான ரயர்களையும் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல வின்டர் ரயரின் கட்டை சற்று அமுங்கும்; அதன் முகமெல்லாம் நெளிநெளியான மெல்லிய கீறல்கள் இருக்கும். பக்கத்து மட் ரயரின் கட்டை பெரும்பாலும் கல்லுப்போல நிற்கும், முகத்தில் கீறல் ஒன்றிரண்டுதான். உருளும்போது வின்டர் ரயரின் கீறல்கள் விரிந்து, அவற்றின் நூற்றுக்கணக்கான விளிம்புகள்தான் ஐஸைப் பிறாண்டுகின்றன.

பூச்சியத்தை ஒட்டிய நாட்களில் இது முழுதாகத் தெரியவரும். மைனஸ் 25இல் ஐஸ் ஓரளவு வறண்டு கிடக்கும். பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் அதன் மேல் நீர்ப்படலம் பரவி வழுக்கல் பல மடங்காகும். 1998 ஜனவரி ஐஸ் புயலைக் கண்ட ஊர் இது. 2023 ஏப்ரல் 5 உறைமழையும் மறந்திருக்காது. அப்படிப்பட்ட நாட்களில் மட் ரயரோடு தெருவில் இறங்கவே கூடாது.

“பக்கத்தில் எம்+எஸ் என்று போட்டிருக்கிறதே.”

சேறும் பனியும் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. பெரும்பாலான மட் ரயர்களில் இருக்கும். ஆனால் அது தேர்வில் தேறிக் கிடைத்த முத்திரை அல்ல. வெட்டுகளின் அமைப்பும் இடைவெளியின் அளவும் குறித்த ஒரு வரையறைக்குள் வந்தால் தயாரிப்பாளரே பொறித்துவிடலாம். கியூபெக்கில் வின்டர் ரயர் கட்டாயமானது 2008இல். தொடக்கத்தில் இந்த எழுத்து உள்ள சில ரயர்களையும் விட்டுக்கொடுத்தார்கள். 2014 டிசம்பர் 15க்குப் பிறகு அது செல்லாது. மூன்று முகடுள்ள மலைக்குள் பனிப்பூ வரைந்த குறி இருந்தாக வேண்டும். பிஎஃப்குட்ரிச் கேஎம்3 போன்ற பேர்பெற்ற மட் ரயரில் அந்தக் குறி இல்லை. அதே நிறுவனத்தின் கேஓ2 என்ற ஓல்-ரெறெய்ன் (எல்லாத் தரைக்குமான) ரயரில் இருக்கிறது. கடைக்காரர் வாயால் சொல்வதைக் கேட்டு வாங்காதீர்கள், குனிந்து ரயரின் பக்கத்தைப் பாருங்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், “நான் மட் ரயரோடுதானே ஓடுகிறேன்” என்று போனில் சொல்லுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஒன்ராறியோவில் வின்டர் ரயர் கட்டாயமில்லை. அவருடைய சட்டம் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

“பனிப்பூக் குறி இருந்தால் பிறகென்ன பயம்?”

குறி எதைச் சோதித்துக் கொடுக்கப்படுகிறது என்று தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டோம். நடுத்தரமாக இறுக்கிய பனியில் ரயர் எவ்வளவு உந்தி முன்னே போகிறது என்பதுதான் சோதனை. ஒப்பீட்டுக்கென வைத்த ரயருக்கு 100 என்றால் இது 110ஆவது எடுக்க வேண்டும். ஐஸில் பிறேக் பிடித்தால் எத்தனை மீற்றரில் நிற்கும், வளைவில் பின்பக்கம் இழுக்குமா என்பதெல்லாம் அந்தச் சோதனைக்குள் வராது. ஆகவே பனிப்பூ உள்ள ஓல்-ரெறெய்ன் சட்டத்துக்கும் போதும், பனிக்கும் பரவாயில்லை. ஐஸில் அது முழு வின்டர் ரயரின் பக்கத்தில் நிற்காது.

“ஆணி அடித்தால் மட் ரயரும் வின்டர் ரயர்தான்.”

கேட்கும்போது விசித்திரமாக இருக்கும், ஆனால் கியூபெக் சட்டப்படி இது சரி. ஒழுங்குவிதிப்படி ஆணி பூட்டிய ரயரைப் பனிப்பூ இல்லாமலே வின்டர் ரயராக ஏற்கிறார்கள். ஆணிக்கு அனுமதி அக்டோபர் 15 முதல் மே 1 வரை. ஆணிக்குத் துளை விட்டு வார்த்த மட் ரயர்களும் உண்டு. ஐஸில் ஆணி உதவும், மறுக்கவில்லை. ஆனாலும் அடியில் இருப்பது அதே இறுகிய ரப்பர். ஐஸ் இல்லாத வெறும் தாரில் ஆணியே பிடியைக் குறைக்கும், சத்தமும் காதைத் துளைக்கும். நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது: தை மாதத்தில் ஸ்காபுறோவில் கலியாணம் என்றால் 401 நெடுஞ்சாலையில்தான் போக வேண்டும், தெற்கு ஒன்ராறியோவில் ஆணி ரயருக்கு அனுமதியே இல்லை. குடும்பத்தோடு அடிக்கடி அந்தப் பக்கம் போகிறவர் ஆணியை மறந்துவிடுவது நல்லது.

“என்னுடையது ஃபோர் வீல்.”

புறப்பட உதவும். நிறுத்த உதவாது. எல்லாக் காருக்கும் பிறேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது.

“காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் பிடிக்கும்.”

காட்டுப்பாதையில், மெதுவாக, திரும்ப அடிக்கப் பம்ப் கையில் இருந்தால் சரி. நெடுஞ்சாலையில் கூடாது. அதோடு குளிர் தானாகவே காற்றை இறக்கும். 20 பாகையில் 35 பிஎஸ்ஐ அடித்த ரயர் மைனஸ் 20இல் 28 அளவில்தான் காட்டும்.

சரி, என்ன வாங்குவது? கியூபெக்கில் இரண்டு செற் வைத்திருப்பதே புத்தி என்பது என் உறுதியான கருத்து. எப்படியும் வருடத்தில் இரண்டு தடவை மாற்றத்தான் போகிறோம். ஒரு செற் ஓடும்போது மற்றது தேய்வதில்லை, ஆகவே காசு முழுதாகக் கூடுதல் செலவும் அல்ல. இங்கே சேற்றுக்கென்றே ஒரு காலம் இருக்கிறது: ஏப்ரலில் பனி கரைந்து, தார் போடாத பாதைகளெல்லாம் கூழாகும் காலம். அது மார்ச் 15க்குப் பிறகே வருகிறது. லோறன்ஷியன் மலைப்பக்கத்து வல்-மொறானில் சுவாமி விஷ்ணுதேவானந்தா நிறுவிய ஆச்சிரமத்து முருகன் கோவிலுக்குக் கோடையில் காவடியோடு போகிற நாம், அதே மலைப்பக்கத்துக்கு பெப்ரவரியில் போனால் ஐஸ் படிந்த ஏற்றம், ஏப்ரல் கடைசியில் போனால் பள்ளமும் சேறும். இரண்டையும் ஒரே ரப்பரால் செய்யக் கேட்பது அநியாயம்.

வைக்க இடமில்லாத அடுக்குமாடிவாசிகள், மட் ரயர் ஆசையை விட்டு, பனிப்பூ உள்ள ஓல்-ரெறெய்னுக்கு இறங்கி வரலாம். வேலைத்தளத்துச் சேற்றுக்கு அது பெரும்பாலும் போதும். ஆனால் தேய்மானத்தில் கண் வையுங்கள். சட்டத்தின் அடிமட்டம் 1.6 மில்லிமீற்றர், பனிக்கு 4.8க்குக் கீழே போன ரயர் குறி இருந்தாலும் பயனில்லை. வருடம் முழுக்க ஓடிய ஓல்-ரெறெய்ன் மூன்றாவது வின்டருக்குள்ளேயே அங்கே வந்து நிற்கக்கூடும். அக்டோபரிலேயே அளந்து பாருங்கள், நவம்பரில் கடைகளில் உங்கள் அளவு முடிந்துவிடும்.