இரக்கம் எவ்வளவு தரும்?



படம் எவ்வளவு பரிதாபமோ அவ்வளவு நன்கொடை குவியும் என்பது தொண்டு நிறுவனங்களின் வசூல் பிரிவுகளில் வேதவாக்கு. அது பாதி உண்மைதான்.

இதற்கு எல்லோரும் ஆதாரமாகக் காட்டுவது டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவென்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு. பங்கேற்றவர்களுக்கு ஆளுக்கு 5 டாலர் கிடைத்தது. அதிலிருந்து விரும்பியதைக் கொடுக்கலாம். மாலி நாட்டின் 7 வயதுச் சிறுமி ரோக்கியாவின் கதையைப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். ஆப்பிரிக்கப் பட்டினியின் புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் 1.14. வகுப்பறைகளில் கதை இத்துடன் நின்றுவிடுகிறது, நிற்கக் கூடாது. சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள் கொடுத்தது 1.43 மட்டுமே. எண்கள் வந்ததும் இரக்கம் சுருங்கிவிட்டது. கூட்டத்தைவிடத் தனி ஒருவருக்கே அதிகம் கொடுக்கும் இந்த மனப்போக்கை முன்கூட்டியே விளக்கிச் சொன்னபோது ரோக்கியாவுக்கான தொகை குறைந்தது. பட்டினிக் கூட்டத்துக்கானது கூடவில்லை. அறிவூட்டலின் பலன் கஞ்சத்தனம்!

ஆடம் ஸ்மித் 1759இலேயே இதைத் தொட்டிருக்கிறார்: சீனாவே பூகம்பத்தில் அழிந்தாலும் குறட்டை விடும் ஐரோப்பியன், நாளை தன் சுண்டுவிரல் போகும் என்றால் தூங்கமாட்டான். ஸ்மித்தைப் படிக்காமல் சந்தைப்படுத்தல் கையேடுகளைப் புரட்டுவது வீண்வேலை.

ஆனால் ரோக்கியாவையே சட்டமாக்கிவிடவும் முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரையில் இந்த விளைவு மிகச் சிறியதாகவே தெரிந்தது. 2023இல் மூல ஆய்வைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த விளைவு கிடைக்கவே இல்லை.

எழும் இரக்கமும் நீடிப்பதில்லை. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தையின் படம் வெளிவந்த வாரத்தில், ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் சிரிய அகதி நிதிக்கு நாள்தோறும் வந்த தொகை 55 மடங்கானது. ஆறு வாரத்துக்குள் வேகம் அடங்கிவிட்டது, போர் அடங்கவில்லை.

பொதுமக்களின் புரிதல் இன்னொரு கணக்கு, வசூல் நிபுணர்கள் பார்க்க விரும்பாதது. 1984 எத்தியோப்பியப் பஞ்சத்தின் பிபிசி காட்சிகளும் 1985 ஜூலையில் நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியும் பெரும் பணம் திரட்டின. உள்நாட்டுப் போரும் அரசின் கொள்கைகளும் அந்தப் பஞ்சத்தை எப்படி முற்றவைத்தன என்பதை ஒட்டிய வயிறுகளின் படங்கள் சொல்லவில்லை. ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் 1989இல் இத்தகைய படங்களுக்கென நடத்தை விதிகளையே வகுத்தன. ஆயினும் 2002இல் விஎஸ்ஓ என்ற தொண்டு அமைப்பு வெளியிட்ட கணிப்பில், வளரும் நாடுகள் என்றதும் பிரிட்டன் மக்களில் 80 விழுக்காட்டினர் நினைத்தது பஞ்சத்தையும் பேரிடரையும் மேற்குலகின் உதவியையும்தான்.