செவிவழி ஆங்கிலமும் இணையத்தின் பணியும்

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 2.6 இலட்சம் பேர் மட்டுமே. அதனை இரண்டாம் மொழியாகக் குறிப்பிட்டோர் ஏறத்தாழ 8.3 கோடிப் பேர். மூன்றாம் மொழியாகக் குறிப்பிட்டோர் ஏறத்தாழ 4.6 கோடிப் பேர். இவர்கள் அனைவரையும் கூட்டினால் அன்றைய மக்கள்தொகையில் 11 சதவீதத்திற்கும் சற்றுக் குறைவாகவே வருகிறது. ஆக, ஆங்கிலம் அறிந்த இந்தியருள் மிகப் பெரும்பாலோர் அம்மொழியை வீட்டில் கேட்டு வளர்ந்தவர் அல்லர். பள்ளியில் புத்தகத்தைக் கொண்டு படித்தவர் ஆவர். நம் நாட்டில் ஆங்கிலக் கல்வியின் நிறை குறைகள் யாவும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன எனலாம்.

படிக்கத் தெரிந்தும் பேசத் தயங்குவோர்க்கு ஏற்படும் இழப்பு சிறிதன்று. மெஹதபுல் ஆசாம், ஐமி சின், நிஷித் பிரகாஷ் ஆகிய மூவரும் 2005 ஆம் ஆண்டின் இந்திய மனிதவள மேம்பாட்டு மாதிரி ஆய்வின் விவரங்களைப் பயன்படுத்தி 2013 இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். கல்வி, வயது, சமூகப் பிரிவு முதலியன ஒத்திருக்கும் நிலையிலும், ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசும் ஆண்கள் அறவே பேசாதவரைக் காட்டிலும் மணிக்கு சராசரியாக 34 சதவீதம் அதிக ஊதியம் பெற்றனர் என்றும், ஓரளவு மட்டும் பேசுவோர் பெற்ற கூடுதல் 13 சதவீதமே என்றும் அவ்வாய்வு காட்டிற்று. ஓரளவு அறிதலுக்கும் சரளமாகப் பேசுதலுக்கும் இடையேயுள்ள இந்த இடைவெளியில்தான் தாய்மொழி வழியில் பயின்ற பட்டதாரிகளுள் பலர் தேங்கி நிற்கின்றனர். குறைந்த கல்வி பெற்ற இளைஞர்க்கு ஆங்கிலத்தால் மட்டும் விளையும் பயன் குறைவு என்பதும் அதே ஆய்வின் முடிவாகும். தொழிற்கல்விக்கும் பட்டப்படிப்புக்கும் துணையாக அமையும்போதே ஆங்கிலம் முழுப் பயன் தருகிறது. அவற்றுக்கு மாற்றாக அது அமையாது.

கண்வழிக் கல்வியின் வரலாறு

ஆங்கிலத்தை முதன்மையாகப் படிக்கும் மொழியாகக் கொள்ளும் நோக்கு நம் நாட்டில் வேரூன்றியதற்குக் காரணங்கள் உண்டு. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராயிருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளத்தை முன்னிறுத்தி 1926 இல் வெளியிட்ட நூலில், பள்ளியை இடையில் விட்டுவிடும் மாணவனுக்கு நிலைத்த பயன் தரக்கூடியது வாசிப்புத் திறனே என வாதிட்டார். 1964-66 ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவும் உயர்கல்வியில் ஆங்கிலத்தை நூலக மொழியாகவே கண்டது. அக்காலத்துக்கு இவை பொருந்திய கருத்துகளே. எழுத்தர் பணியும் ஆசிரியர் பணியும் நிறைந்திருந்த அந்நாளைய வேலைச் சந்தைக்குப் படிப்பும் எழுத்தும் போதுமாயிருந்தன. இன்றோ தொலைபேசி வழியான வாடிக்கையாளர் பணி, மருத்துவமனைச் செவிலியர் பணி, விடுதித் தொழில், மென்பொருள் தொழில் ஆகிய அனைத்திலும் கேட்டுப் புரிந்து உடன் மறுமொழி கூறும் திறன் வேண்டப்படுகிறது. தேர்வு முறையோ பெரும்பாலும் எழுத்தையே இன்றும் அளந்து வருகிறது.

ஒலிப் பயிற்சியின் தேவையை நம் அறிஞர் உணராமலில்லை. 1958 இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னர் அது பிற அயல்மொழிகளையும் ஏற்று, 2007 இல் மத்தியப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்குப் பணியாற்றிய ஆர்.கே. பான்சல், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எந்த அளவு புரிகிறது என்பதை ஆராய்ந்து 1969 இல் நூலாக வெளியிட்டார். சொல்லில் அழுத்தம் விழவேண்டிய அசையில் விழாமற்போவது புரியாமைக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று என்பது அவர் கண்ட உண்மை. ஆனால் இத்தகைய பயிற்சிக்கு வேண்டிய மொழி ஆய்வுக்கூடமும் ஒலிப்பதிவுகளும் அக்காலத்தில் சில நிறுவனங்களுக்கே கிட்டின. இணையம் அந்த ஆய்வுக்கூடத்தைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்துள்ளது.

செவி ஏன் தடுமாறுகிறது?

எழுத்தில் எளிதாகப் புரியும் தொடர், காதில் விழும்போது புரியாமற்போவது ஏன்? இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள பொருத்தமின்மை. ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், பிரிட்டிஷ் பொது உச்சரிப்பில் 44 ஒலிகளைச் சுமக்கின்றன. கடனைக் குறிக்கும் சொல்லின் மூன்றாவது எழுத்தும், பற்றுச்சீட்டைக் குறிக்கும் சொல்லின் ஆறாவது எழுத்தும் ஒலிப்பதே இல்லை.

இரண்டாவது, சொற்கள் ஒன்றோடொன்று இணைதல். தமிழில் புணர்ச்சி உண்டு. ஆயினும் புணர்ந்த வடிவத்தை நாம் பெரும்பாலும் அவ்வாறே எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்திலும் பேச்சில் புணர்ச்சி நிகழ்கிறது. எழுத்தோ அதனைக் காட்டுவதில்லை. 'கப் ஆஃப் டீ' என்று மூன்று சொற்களாகப் படித்தவனுக்குக் 'கப்பட்டீ' என்பது போன்ற ஒரே ஒலித்தொடர் காதில் விழும்போது அது புதுச் சொல்லாகத் தோன்றுகிறது.

மூன்றாவது, அசை அழுத்தம். நம் மொழிகளில் அசைகள் ஏறத்தாழ ஒத்த வலிமையுடன் ஒலிக்கின்றன. ஆங்கிலத்திலோ ஓர் அசை ஓங்கி ஒலிக்க, ஏனையவை சுருங்கிவிடுகின்றன. அந்தச் சுருங்கிய பகுதியையே பழக்கமற்ற செவி தவறவிடுகிறது.

கேட்டற்குரிய மூலங்கள்

இக்குறையைக் களையக் கட்டணமின்றிக் கிடைக்கும் மூலங்கள் இன்று பல. ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்திகளை அதன் இணையதளத்திலும் செயலியிலும் கேட்கலாம். செய்திகளின் எழுத்து வடிவமும் அத்தளத்தில் காணக்கிடைக்கிறது. அறிந்த செய்தி, அறிந்த பெயர்கள், தெளிவான இந்திய உச்சரிப்பு ஆகியவை அமைந்திருப்பதால் தொடக்க நிலையினர்க்கு இதுவே ஏற்றது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் 2003 முதல் நடத்தி வரும் என்.பி.டி.இ.எல். திட்டத்தின் விரிவுரைகள் அடுத்த படியாகும். தம் பாடத்தையே ஆங்கிலத்தில் கேட்பதால் பொறியியல், அறிவியல் மாணவர்க்குப் பாடமும் மொழியும் ஒருசேர வலுப்பெறுகின்றன. 2017 இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தில் ஆங்கிலத் தொடர்புத்திறன் பற்றிய பாடங்களும் உள்ளன. படிப்பதற்குக் கட்டணமில்லை, சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டுமே கட்டணம் உண்டு.

1943 முதல் ஆங்கிலம் கற்பித்து வரும் பி.பி.சி. நிறுவனம், ஆறு நிமிட உரையாடல் நிகழ்ச்சிகளை எழுத்து வடிவத்துடன் வழங்குகிறது. பதிப்புரிமைக் காலம் கடந்த நூல்களைத் தன்னார்வலர்கள் உரக்கப் படித்துப் பதிந்துவைக்கும் லிப்ரிவாக்ஸ் 2005 முதல் இயங்குகிறது. அந்நூல்களுட் பலவற்றின் எழுத்து வடிவம், 1971 இல் தொடங்கப்பட்ட குட்டன்பர்க் திட்டத்தில் கிடைக்கும். ஒலியும் எழுத்தும் ஒருங்கே கிடைப்பதே மூலத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான முதல் அளவுகோலாக இருத்தல் வேண்டும்.

கேட்கும் முறை

பின்னணியில் ஆங்கிலம் ஒலித்துக்கொண்டிருந்தால் போதும், மொழி தானே வந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. இரண்டு நிமிடப் பகுதி ஒன்றை எடுத்துக்கொண்டு நான்கு படிகளில் பயில்வது நன்று.

முதற்படியில் எழுத்தைப் பாராமல் இருமுறை கேட்டு, பொருளின் சாரத்தை மட்டும் தாய்மொழியில் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் படியில் தொடர் தொடராக நிறுத்திக் கேட்டதை எழுத வேண்டும். மூன்றாம் படியில் எழுதியதை மூலத்துடன் ஒப்பிட்டு, விடுபட்ட இடங்களைக் கோடிட்டு, அங்குச் சொல் தெரியாததால் விட்டோமா, தெரிந்த சொல்லின் ஒலியை அறியாததால் விட்டோமா என்று பிரித்தறிய வேண்டும். இப்படியே இப்பயிற்சியின் உயிர்நிலை. பெரும்பாலும் விடுபட்டவை, படித்தால் உடனே விளங்கும் சிறு சொற்களாகவே இருப்பதைக் காணலாம். நான்காம் படியில் பேசுபவரை ஒட்டியே உரக்கப் பேசி, அதனைக் கைப்பேசியில் பதிந்து ஒப்பிட வேண்டும்.

உச்சரிப்பு

நம் நாட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித் தடைகள் உண்டு. இந்தி பேசும் பகுதிகளில் 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆகிறது. வங்காளியர் நாவில் பல்லும் உதடும் சேர்ந்தொலிக்கும் வகரம், பகர வகையாக மாறுகிறது. தமிழர்க்குத் தடை எழுத்திலேயே உள்ளது. முதுகு, பை, பொதி ஆகிய மூன்றையும் குறிக்கும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் தமிழில் 'பேக்' என்றே எழுத வேண்டியுள்ளது. தமிழெழுத்தில் உச்சரிப்பைத் தரும் கையேடுகளால் மட்டும் இவ்வேறுபாட்டைக் கற்க இயலாது. செவியே இதற்கு ஆசிரியராக வேண்டும்.

கேம்பிரிட்ஜ் போன்ற இணைய அகராதிகள் சொல்லின் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்புகளை ஒலியாகவே தருகின்றன. யூக்ளிஷ் என்னும் தளத்தில் ஒரு சொல்லை இட்டால், பலர் தம் பேச்சினிடையே அதனைக் கையாளும் காணொளிப் பகுதிகள் வரிசையாக வருகின்றன. இவற்றைப் பயன்படுத்துகையில் முதலில் கவனிக்க வேண்டுவது அழுத்தம். 'டெவலப்', 'கமிட்டி' இரண்டிலும் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும்; நம்மவர் பலர் முதலசையில் இடுகின்றனர். பொருளாதாரத்தைக் குறிக்கும் 'எகானமி'யில் இரண்டாம் அசையில் விழும் அழுத்தம், 'எகனாமிக்' ஆகும்போது மூன்றாம் அசைக்கு நகர்கிறது. 'எக்ஸ்போர்ட்', 'ரெக்கார்ட்' போன்றவை பெயராக வரும்போது முதலசையிலும், வினையாக வரும்போது பொதுவாக இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறுகின்றன.

அயல்நாட்டார் போலப் பேசுவது இலக்கன்று. கேட்போர்க்கு ஐயமின்றிப் புரிவதே இலக்கு. வங்காளியர் வங்காளியராகவும் மலையாளியர் மலையாளியராகவும் ஒலிப்பதில் இழுக்கில்லை.

சொல்வளம்

எத்தனை சொற்கள் வேண்டும்? மேலே குறிப்பிட்ட மைக்கேல் வெஸ்ட் 1953 இல் சுமார் 2,000 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலை வெளியிட்டார். 2013 இல் புதுப்பிக்கப்பட்ட வேறொரு பட்டியல் சுமார் 2,800 சொற்களைக் கொண்டது. பொதுவான ஆங்கில உரைகளில் 90 சதவீதத்திற்கும் மேற்பட்ட இடத்தை இச்சொற்களே நிரப்புகின்றன. இப்பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் 2006 இல் கணக்கிட்டவாறு, பேச்சைத் துணையின்றிப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 வரையிலான சொற்குடும்பங்கள் வேண்டும். எனவே அரிய சொற்களைத் தேடி மனனம் செய்வதற்கு முன், முதல் மூவாயிரத்தைச் செவிக்கும் நாவுக்கும் உரிமையாக்குவதே முறை.

கற்றது மறக்கும் வேகத்தை ஜெர்மானியர் எபிங்ஹாஸ் 1885 இலேயே அளந்து காட்டினார். இடைவெளியை நீட்டிக்கொண்டே போய் மீண்டும் மீண்டும் நினைவுகூர்வது இதற்கு மருந்து. ஆங்கி என்னும் மென்பொருள் இவ்விடைவெளியைத் தானே கணக்கிட்டுத் தருகிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் அது இலவசம். அட்டையில் தனிச் சொல்லை எழுதாமல், கேட்ட தொடரையே ஒலியுடன் பதிவது சிறந்தது.

காலமும் செலவும்

நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதுமானது. கேட்டலுக்குப் பதினைந்து நிமிடமும், உரக்கப் பேசுதலுக்கு எட்டு நிமிடமும், சொற்களை நினைவுகூர்தலுக்கு ஏழு நிமிடமும் எனப் பகுத்துக்கொள்ளலாம். நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் பதிந்த ஒலி, ஒரு மணி நேரத்திற்கு 29 மெகாபைட் அளவே ஆகிறது. காணொளிக்கு இதுபோல் பலமடங்கு செலவாகும். ஆகவே ஒலிப்பதிவுகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்வது சிக்கனம்.

அரசும் சமூகமும்

ஓர் ஒலிப்பாடத்தை ஒருவர் கேட்பதால் மற்றவர்க்கு அது குறைந்துவிடுவதில்லை. பொருளாதார நோக்கில் இது பொதுச் சொத்தின் இலக்கணம். சந்தை மட்டும் இதனைப் போதிய அளவு வழங்காது. 2017-18 இல் தேசிய மாதிரி ஆய்வின்படி இணைய வசதி பெற்றிருந்த குடும்பங்கள் 23.8 சதவீதமே. 2025 தொடக்கத்தில் நடந்த ஆய்வில் அது 86.3 சதவீதமாக உயர்ந்தது. எனினும் ஊரகப் பெண்களில் சொந்தக் கைப்பேசி உடையோர் ஆண்களைவிட மிகக் குறைவு. குடும்பத்திற்கு ஒரு கருவி என்னும் நிலையில், அது தந்தையுடனோ தமையனுடனோ வெளியே சென்றுவிட்டால் மகளின் பயிற்சி நின்றுவிடுகிறது. ஊராட்சி நூலகங்களில் செவிப்பொறியுடன் கூடிய சில கருவிகளை வைப்பது இதற்கு எளிய தீர்வாகும்.

அயலார் தரும் மூலங்களை மட்டும் நம்பியிருப்பதும் தகாது. 1959 இல் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' தொடங்கிய மெதுவேக ஆங்கில ஒலிபரப்பு பல நாட்டு மாணவர்க்கு உதவிற்று. 2025 மார்ச்சில் அந்நாட்டு அரசின் ஆணையால் அந்நிறுவன ஊழியரிற் பெரும்பாலோர் விடுப்பில் அனுப்பப்பட, ஒலிபரப்புகள் தடைப்பட்டன. பிற நாட்டின் வரவு செலவுத் திட்டம் நம் மாணவனின் பாடத்தை முடிவு செய்யக்கூடாது. இந்திய மொழிகளில் விளக்கம், இந்தியக் குரல்கள், எழுத்து வடிவம், எவரும் படியெடுக்கும் உரிமை ஆகிய நான்கும் அமைந்த ஒலிப்பாடங்களை நம் நிறுவனங்களே உருவாக்குதல் வேண்டும். பள்ளி இறுதித் தேர்வில் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் உரிய மதிப்பெண் அளித்தால் மாணவரும் ஆசிரியரும் தாமே அப்பக்கம் திரும்புவர்.

குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை இயன்ற இடமெல்லாம் தாய்மொழியே பயிற்றுமொழியாதல் வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. ஆங்கிலத்தைப் பின்னர்ச் செவிவழியே செம்மையாகக் கற்கும் வாய்ப்பு உறுதியானால்தான், பெற்றோர் அச்சமின்றித் தம் பிள்ளைகளைத் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்புவர். இவ்வகையில் நல்ல ஒலிப்பாடம் ஒவ்வொன்றும் ஆங்கிலத்துக்கு மட்டுமன்றி, தாய்மொழிக் கல்விக்கும் துணையாகிறது.